ஐந்து வாளிகளும் ஓர் ஏரியும்

முதல் நாள், புதன்

இந்த மலைக்கு நாங்கள் 2002 ஏப்ரலிலேயே வந்திருக்க வேண்டும். அப்போது மதுரையில் கணித இளங்கலை இறுதியாண்டு. ஆளுக்கு 350 ரூபாய் போட்டு வேனுக்கு முன்பணமும் கட்டியாயிற்று. புறப்பட ஆறு நாள் இருந்தபோது விடுதிக் கிணறு வற்றியது. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போட்டால் குழாயில் காற்றுதான் வந்தது. தேர்வுக்கு மட்டும் வந்து எழுதிவிட்டுப் போங்கள் என்று எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் உறையில் திரும்பி வந்தது. அதன் பிறகு கல்யாணம், பிள்ளைகள், மாற்றல், மாமனார் மாமியாரின் மருத்துவமனை நாட்கள் என்று இருபத்து மூன்று வருடங்கள் போய்விட்டன. எந்தக் கல்யாண வீட்டில் சந்தித்தாலும் பந்தி முடிவதற்குள் ஒருத்தி கேட்டுவிடுவாள்: "கொடைக்கானல் எப்போதடி?"

இன்று வந்துவிட்டோம். ஐந்து பேரும்.

விடுதியில் எங்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஊர்தான் பெயர். பரமக்குடி, தேவகோட்டை, கம்பம், நத்தம், நான் சோழவந்தான். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலை ஏறினோம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. கம்பம் அதை நான்கு நாட்களுக்கு முன்பே எடுத்து வைத்திருந்தாள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 5 லிட்டருக்குக் குறைவான பாட்டில்களுக்கு மலையில் தடை. எங்கள் வண்டியில் இருந்தவை பரமக்குடி கொண்டுவந்த மூன்று எவர்சில்வர் தூக்குகள். ஊரிலிருந்தே தண்ணீர் நிரப்பி, மூடியைத் துணி வைத்து இறுக்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மலையில் இல்லாத தண்ணீரா என்று நத்தம் கேட்டதற்கு, "போகும் இடத்தில் எப்படியிருக்குமோ" என்றாள். அவள் அன்றும் இதே வார்த்தையைத்தான் சொல்வாள்.

வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்துவிட்டோம்.

வீடு ஏரிச் சாலையிலிருந்து இருபத்தாறு படிகளுக்கு மேலே இருக்கிறது. பழைய வீடு. தகரக் கூரை, மரத்தளம், கூடத்தில் கணப்பு, முன்புறம் முழுக்கக் கண்ணாடி அடைத்த நீளத் தாழ்வாரம். அங்கே உட்கார்ந்தால் மரங்களின் இடைவெளியில் ஏரி தெரிகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அவர் மனைவியும் பின்கட்டில் குடியிருக்கிறார்கள். குளியலறைக்கு வெளியே விறகில் எரியும் பாய்லர். சாம்பலைத் தள்ளிவிட்டு இரண்டு துண்டு சவுக்கு வைத்தால் அரை மணி நேரத்தில் வெந்நீர் என்று அந்த அக்கா காட்டிக்கொடுத்தார்.

மற்றவர்கள் ஏரியைப் பார்க்க ஓடினோம். பரமக்குடி நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் தாழ்வாரம்வரை கேட்டது. அது நிரம்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

விடுதியில் கோடைக்காலத்தில் ஆளுக்கு இரண்டு வாளிதான். அதிகாலை நான்கரைக்குத் தொட்டித் தண்ணீரைத் திறப்பார்கள். நான்கு மணிக்கே வாளியை வரிசையில் வைத்தால்தான் கிடைக்கும். மூன்று வருடமும் எங்கள் நால்வரின் வாளிகளையும் சேர்த்து வரிசையில் வைத்து இடம் பிடித்தவள் பரமக்குடி. எங்களை எழுப்பமாட்டாள். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போகும்போது ஐந்து வாளிகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அவள் வாளி எப்போதும் கடைசி.

இரண்டாம் நாள், வியாழன்

ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் ஏரி இல்லை. தாழ்வாரக் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும் நின்றது. ஏழு மணிக்கு அது மெல்லத் தூக்கியது. முதலில் தெரிந்தது கரையோரத் துடுப்புப் படகுகளின் வால்தான்.

தேவகோட்டையின் தாத்தா கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு முதல் முறை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பேத்திக்கும் அந்தக் கண் இருக்கிறது. ஏரியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கரை எங்கே? கலுங்கு எங்கே?"

எங்கள் பக்கம் ஏரி என்ற சொல்லே கிடையாது, கண்மாய்தான். கண்மாய் என்றால் கரை உண்டு, மடை உண்டு, மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலுங்கு உண்டு. அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் மரமும் புல்லுமாகச் சூழ்ந்து கிடக்கும் இந்த ஏரியைத் தானாக உண்டானது என்றே பலரும் நினைக்கிறார்கள். இதுவும் மனிதர் கட்டியதுதான். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடும் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்கிறார்கள். சாலை இல்லாத காலத்தில் அந்தப் படகு எத்தனை தோள்கள் மாறி வந்ததோ! அந்தத் தோள்காரர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கலுங்கைத் தேடி ஏரியைச் சுற்றி நடந்தோம். சுற்று சுமார் 5 கிலோமீட்டர். குதிரைகளும் சைக்கிள்களும் எதிரே வந்துகொண்டே இருந்தன. அவித்த சோளம், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், கட்டுக் கட்டாகக் கேரட். சில முனைகளில் தண்ணீர் தெரியாத அளவுக்கு நீர்த்தாவரம் மண்டியிருந்தது, தேவகோட்டைக்கு அது பொறுக்கவில்லை. "கண்மாயில் இப்படி விட்டால் ஊர் கூடிவிடும்" என்றாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை விடுதிகள் இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் வாடகை வாங்குகின்றன.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். சாலைக்கு அடியில் தண்ணீர் சிறு சத்தத்தோடு நுழைந்து மறுபக்கம் பள்ளத்தில் இறங்கும் இடம். சைக்கிளில் போகும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தேவகோட்டை செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கலுங்கு ஓடுகிறது" என்றாள். எங்கள் ஊர்களில் அது நல்ல செய்தி. கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள்.

பிற்பகல் சூரிய ஆய்வகம். நத்தம் பள்ளியில் கணக்கு ஆசிரியை, அவள் விருப்பம். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் 1899-இல் தொடங்கிய இடம். சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டார். ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பியதும் இந்த ஆய்வகம் உருவாக ஒரு காரணம். அதுதான் தாது வருடப் பஞ்சம். பரமக்குடியின் ஆச்சி, தன் ஆச்சி சொன்ன கதைகளாக அதைச் சொல்லியிருக்கிறார். புளியங்கொட்டையை இடித்துத் தின்றார்களாம். குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எங்களுக்கு மழை வராததற்கா இங்கே வந்து சூரியனைப் பார்த்தார்கள்?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

மூன்றாம் நாள், வெள்ளி

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள்தான். காலையில் சீக்கிரம் போய் நிற்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு எழுந்தால் பரமக்குடியின் படுக்கை காலி. அவளும் பெரியவரும் இருட்டிலேயே கிளம்பி, அலுவலக வாசலில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பின்னால் இருபது பேர். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தாள், மூக்கு நுனி சிவந்திருந்தது. கம்பம் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "எழுப்பக்கூடாதாடி? கூட வந்திருப்போமே." அவள் பதில் சொல்லவில்லை, காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருபது கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதை. தொப்பித்தூக்கிப் பாறையில் இறங்கினோம். பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று மேலே வீசியெறிந்த தொப்பியைத் திருப்பிக் கொடுக்குமாம். நத்தத்தின் தொப்பி உண்மையாகவே திரும்பி வந்தது. வழியில் மதிகெட்டான் சோலை. உள்ளே போனவர் வழி தெரியாமல் மதி மயங்கிச் சுற்றுவார் என்பதால் அந்தப் பெயர். எட்ட நின்று பார்த்தாலே அது புரிகிறது. குட்டையான, முறுக்கிய மரங்கள், ஒவ்வொன்றின் மேலும் பாசி. வெளியே வெயில் அடிக்கும்போதே உள்ளே சொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சோலைக்காடும் அதை ஒட்டிய புல்வெளியும்தான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. புல்வெளிகளில் பெரும்பகுதி சென்ற நூற்றாண்டில் சீகை, பைன், தைல மரத் தோட்டங்களாகிவிட்டது. படமெடுக்க எல்லோரும் பைன் தோப்புக்கு ஓடுகிறார்கள், எனக்கு அங்கே நிற்கவே மனம் வரவில்லை. சோலையின் ஓரத்தில் ஒரு கை மண்ணை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறது. மே மாதத்தில்!

பேரிஜத்தில் படகு கிடையாது, கடை கிடையாது, சத்தம் போடக்கூடாது. அதனாலேயே அது ஏரியாக இருக்கிறது. எதிர்க்கரையில் நான்கு காட்டெருமைகள் நீரில் கால் நனைய நின்றன. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருந்தது. இந்தத் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீராக இறங்குகிறது. அந்தச் சரிவின் ஓடைகள் சேர்ந்து வராக நதி. வராக நதி வைகையில் கலக்கிறது. வைகை எங்கள் சோழவந்தானைத் தொட்டு, மதுரைக்குள் நுழைந்து, மானாமதுரை கடந்து பரமக்குடிக்குப் போகிறது, போக முடிந்த வருடங்களில். கம்பத்துக்காரிக்கு இந்தக் குறையில்லை. 1895-இல் பென்னி குக் முடித்த பெரியாறு அணை அவள் ஊர் வயல்களை இருபோகம் விளைய வைத்தது. அவள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களோடு அவர் படமும் இருக்கிறது.

"இது நம் ஊருக்கு வருகிற தண்ணீரா?" என்று பரமக்குடி இரண்டு தடவை கேட்டாள். வரும், ஆனால் வழியிலேயே தீர்ந்துவிடும் என்றேன். பாறையில் உட்கார்ந்து அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து வரச் சொல்ல யாருக்கும் மனமில்லை. வனக்காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் கிளம்பினோம்.

நான்காம் நாள், சனி

காலை முதல் மழை. தகரக் கூரையில் அதன் சத்தம், பேசுவதைக் கேட்கவிடாத சத்தம். எங்கும் போகவில்லை. இந்த நாளைத்தான் நான் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

சமையலறைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டோம். நத்தம் ஊரிலிருந்து ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்திருந்தாள். தேவகோட்டையிடம் மூன்று டப்பா சீடையும் மணகோலமும். கம்பம் பன்னீர் திராட்சை. பரமக்குடி முண்டு மிளகாய். என்னிடம் சோழவந்தான் வெற்றிலை இரண்டு கவுளி, ஈரத்துணியில் சுற்றியது. பின்கட்டு அக்கா பூம்பாறைப் பூண்டு ஒரு கைப்பிடி கொடுத்தார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு. அவர்கள் வீட்டில் அதை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். புகை ஏற ஏற வருடம் தாண்டியும் கெடாதாம். பல் சிறியது, தோல் பழுப்பு. நசுக்கியதும் கண்ணில் நீர் வந்தது. முண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அந்தப் பூண்டைத் தட்டிச் சேர்த்து ரசம் வைத்தோம். குழம்பு, கூட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, கணப்பைச் சுற்றி உட்கார்ந்து குடித்தோம்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. மூன்று நாட்களாக என்னிடம் யாரும் "அது எங்கே வைத்தாய்?" என்று கேட்கவில்லை. சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கம்பம் மட்டும், "நான் நேற்று இரவு முழுக்கத் தூங்கினேன். அவர் போன பிறகு முதல் தடவை" என்றாள். இரண்டு வருடமாகிறது அவள் கணவர் இறந்து. நாங்கள் நால்வரும் அப்போது போய் உட்கார்ந்திருந்தோம், அவள் பேசவே இல்லை. இன்று பேசினாள். மழை விடும்வரை பேசினாள். என்ன பேசினாள் என்பது எங்களோடு இருக்கட்டும்.

மாலையில் நத்தம் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வியாழக்கிழமை ஏரியைச் சுற்றி நடந்ததிலிருந்து அவள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "சுற்றளவு 5 கிலோமீட்டர். இதே சுற்றளவில் ஏரி வட்டமாக இருந்தால் பரப்பு எவ்வளவு?" தேவகோட்டை முந்திக்கொண்டாள்: சுற்றளவின் வர்க்கத்தை நான்கு பையால் (4π) வகுக்க வேண்டும். இருபத்தைந்தை 12.566-ஆல் வகுத்தோம். சுமார் 199 ஹெக்டேர். ஆனால் ஏரியின் உண்மையான பரப்பு சுமார் 24 ஹெக்டேர்தான், 60 ஏக்கர். எட்டில் ஒரு பங்கு! மீதியெல்லாம் வளைவும் நெளிவும் தின்றுவிட்டது. "அதனால்தான் நமக்கு நடக்க இவ்வளவு கரை கிடைத்தது" என்றாள் நத்தம். வட்டத்தைப்போல் குறைந்த கரையில் நிறைந்த பரப்பை அடைக்கும் வடிவம் வேறில்லை என்று வகுப்பறையில் மனப்பாடமாகப் படித்த தேற்றம், கால் வலித்த பிறகு இப்படிப் புரிகிறது. இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு ஐவரும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தோம்.

மழை விட்ட ஒரு மணி நேரத்தில் படகுக்குப் போனோம். படகுக்காரத் தம்பி துடுப்பைப் பரமக்குடியிடம் கொடுத்தார். அவள் இதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை, நீச்சல் தெரியாது. உயிர்காப்பு உடையை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். "கையால் இழுக்காதீர்கள் அக்கா, முதுகால் சாயுங்கள். துடுப்பை ஆழமாக விட வேண்டாம், இலை மூழ்கினால் போதும்" என்றார் அவர். முதல் ஐந்தாறு இழுப்பில் படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருப்பதால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நான் பார்த்துச் சொல்கிறேன், நீ இழு" என்று கம்பம் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு படகு நேரானது. துடுப்பின் நுனியிலிருந்து சொட்டிய நீர் ஏரியில் சின்னச் சின்ன வளையங்களாக விழுந்து, எங்களுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நீண்டுகொண்டே போனது.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையிலேயே கிளம்பிவிட்டோம். மதியத்துக்குமேல் மலைச்சாலை அடைத்துக்கொள்ளும். பெரியவர் படி இறங்கி வந்து வழியனுப்பினார். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். அப்போது வாருங்கள் என்றார். அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டோம் என்றாள் நத்தம்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் இந்த முறை இறங்கினோம். 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நேற்றைய மழையால் பாறையின் பாதி அகலத்துக்கு விரிந்திருந்தது. ஏரியின் மிகுதி நீர்தான் இது. வியாழக்கிழமை சாலைக்கு அடியில் நுழைந்ததே, அதே தண்ணீர். "நம் கலுங்கு" என்று தேவகோட்டை கைநீட்டிக் காட்டினாள். பக்கத்தில் நின்றிருந்த குடும்பமும் அண்ணாந்து பார்த்தது. பரமக்குடி காலியான தூக்கில் ஒன்றை எடுத்துப் போய் நிரப்ப முயன்றாள். பாறை வழுக்கும், இறங்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். சாரல் பட்டு நனைந்த தூக்கோடு வந்து வண்டியில் ஏறினாள்.

மதுரையில் பாலத்தைக் கடக்கும்போது வைகையில் மணலும் புல்லும்தான் இருந்தன. மாட்டுத்தாவணியில் ஒவ்வொருத்தியாக பஸ் ஏற்றிவிட்டேன்.

திங்கள், காலை

நான்கு மணி எட்டு நிமிடத்துக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்திருந்தது. பரமக்குடியின் தெரு. அங்கே காவிரிக் கூட்டுக் குடிநீர் முறை வைத்து வருகிறது, இன்று அவர்கள் முறை. தெருக்குழாயின் முன்னே விளக்கு வெளிச்சத்தில் குடங்களின் வரிசை. முதல் ஐந்தும் நீலக் குடங்கள், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "உங்களுக்கும் சேர்த்து இடம் போட்டுவிட்டேன், தூங்குங்கள்."